நெக்ஸஸ் 7-க்கு ஃபர்ம்வேர் ஏற்றப் போகிறீர்களா? பூட்லோடரை மட்டும் அழித்துவிடாதீர்கள்

அப்பா வைத்திருப்பது 2012-இல் வந்த கூகுளின் முதல் நெக்ஸஸ் 7 டேப்லெட். டெக்ரா 3 பிராசஸர், 1 ஜிபி ராம். பிடிஎஃப் வாசிக்கவும் பழைய பாட்டு கேட்கவும் அவருக்கு அது போதும். ஒருநாள் ஆன் செய்தபோது வண்ண வட்டங்கள் சுற்றும் இடத்திலேயே நின்றுவிட்டது. ரெக்கவரி என்ற பழுதுநீக்கும் மெனுவுக்குப் போய் கேஷை (தற்காலிக ஃபைல்களை) அழித்தேன், ஃபேக்டரி ரீசெட்டும் செய்தேன். அசையவில்லை.

பக்கத்தில் இருக்கும் செல்போன் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது, புதுசா வாங்கிடுங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் இணைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கிற பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் பூட்லோடர் (கருவியை முதலில் எழுப்பும் சிறு புரோகிராம்) திரை வருகிறதா என்று பாருங்கள். அது வந்தால் போர்டு போய்விட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எங்களுடையதில் பளிச்சென்று வந்தது.

அப்படியானால் ஃபர்ம்வேரை, அதாவது கருவியின் அடிப்படை மென்பொருளை, மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். அடுத்த தொல்லை அதற்கான ஃபைல். கூகுள் தன் டெவலப்பர் தளத்தில் ஃபேக்டரி இமேஜ் என்ற அந்த ஃபைல்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆனால் தேடினால் முன்னால் வந்து நிற்பவை வேறு தளங்கள். பணம் கட்டச் சொல்கின்றன, இல்லையென்றால் விளம்பரத்துக்குள் தள்ளிவிடுகின்றன. அவற்றைத் தொடவே தொடாதீர்கள். பெயரையும் கவனியுங்கள்: வைஃபை மாடலுக்கு 'நகாசி', சிம் போடும் மாடலுக்கு 'நகாசிஜி'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். 2013-இல் வந்த நெக்ஸஸ் 7-க்கு 'ரேஸர்', அது முற்றிலும் வேறு கருவி.

இதற்குக் கடைசியாக வந்த ஆண்ட்ராய்டு பதிப்பு 5.1.1. இருந்தாலும் 4.4.4-ஐத்தான் எடுத்தேன். 5-க்குப் போன பிறகு இந்த டேப்லெட் நத்தையாகிவிட்டது, வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். டவுன்லோட் நடுவே நெட் விட்டு விட்டு வந்ததால், தளத்தில் ஃபைலுக்குப் பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணோடு (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. மறுபடி இறக்கியதும் பொருந்தியது. பார்க்காமல் ஏற்றியிருந்தால் பாதியில் மாட்டியிருப்பேன். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளையே இந்தச் சோதனைக்குப் போதும்.

அப்புறம் கேபிள். கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்ற உதவும் ஃபாஸ்ட்பூட் கருவியில் கட்டளை கொடுத்தால் "கருவிக்காகக் காத்திருக்கிறேன்" என்று அப்படியே நின்றது. வீட்டில் கிடந்தவற்றில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. நல்ல கேபிள் கிடைத்த பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். கூகுளின் யுஎஸ்பி டிரைவரை இறக்கி, பட்டியலிலிருந்து 'ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' என்பதை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தானாகத் தேடச் சொன்னால் விண்டோஸ் கைவிரித்துவிடும். இதற்குப் பிறகும் தொடர்பு விட்டுப் போனால் நீல நிற யுஎஸ்பி 3 துளையை விட்டு யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றுங்கள். எனக்கு அங்கேதான் நிலையாக நின்றது. சார்ஜ் நிறைய இருக்கட்டும்.

இனிதான் முக்கியமான இடம். நான் பார்த்த ஒரு செய்முறை வீடியோவில், பூட்லோடரின் பூட்டைத் திறந்த (அன்லாக் செய்த) கையோடு அதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றச் சொல்கிறார்கள். என்டர் தட்டுமுன் திரையைப் பார்த்தேன். பூட்லோடர் பதிப்பு 4.23 என்று அங்கேயே எழுதியிருக்கிறது. நான் ஏற்ற இருந்ததும் அதே 4.23. பிறகு எதற்காக அழிக்க வேண்டும்? அந்த வரியையே விட்டுவிட்டேன். இந்த மாடலில் பூட்லோடர் ஃபைல் ஏறாமல் 'இன்வேலிட்ஸ்டேட்' என்று பிழை காட்டி நின்ற கதை பலருக்கு நடந்திருக்கிறது. பழையதை அழித்துவிட்டு, புதியது ஏறாத நிலையில் டேப்லெட்டை அணைத்தால் மறுபடி எழாது. கம்ப்யூட்டரில் ஏபிஎக்ஸ் என்று மட்டும் காட்டும், அது டெக்ரா சிப்பின் அவசர நிலை. அதிலிருந்து மீட்க, அந்தந்த டேப்லெட்டிலிருந்தே முன்கூட்டி எடுத்து வைத்த பிளாப் என்ற பிரத்தியேக ஃபைல்கள் வேண்டும். சாதாரணமாக யாரிடம் அது இருக்கிறது? இதை ஒரு வார்த்தைகூட எச்சரிக்காமல் வீடியோ போடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்லாக் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். ரீசெட் செய்யாமல் நேராக இதற்கு வருகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பகுதிகளை அழித்து, அப்டேட் கட்டளையைக் கொடுத்தேன். 'பூட்.சிக் இல்லை', 'ரெக்கவரி.சிக் இல்லை' என்று வரிசையாக ஓடியது. பயப்பட வேண்டாம், அது வெறும் தகவல். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்குவதுதான் ஆபத்து. சிஸ்டம் எழுதி முடிய நேரம் எடுக்கிறது, முதல் பூட் அதைவிட அதிகம். பிறகு மொழி தேர்வுத் திரை வந்தது. அப்பாவை அடுத்த அறையிலிருந்து கத்திக் கூப்பிட்டேன்.

ஏற்றி முடித்ததும் முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தப்பாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. தேதி சரியான பிறகும் சில தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகளில், பல தளங்களுக்குச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் புதிய மூலச் சான்றிதழ் கிடையாது. 4.4-க்கு கூகுள் பிளே சர்வீசஸ் அப்டேட்டும் 2023-லேயே நின்றுவிட்டது. ஆகவே பேங்க் வேலை எதற்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். நான் ஜிமெயில் கணக்கே சேர்க்கவில்லை. பாட்டையும் பிடிஎஃப்களையும் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக ஏற்றிவிட்டேன். மெமரி கார்டு துளை இதில் கிடையாது என்பதால் வேண்டியதை மட்டும் பொறுக்கி ஏற்ற வேண்டும். சோதித்துப் பார்த்த ஃபேக்டரி இமேஜையும் டிரைவரையும் ஒரு பென்டிரைவில் போட்டு, வேலை செய்த கேபிளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.