இப்போது தொடர்பு உண்டா?

கனடாவில், ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. முன்பெல்லாம் மானிய விண்ணப்பங்களின் வரவு செலவைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவதோடு என் பாடு முடிந்துவிடும். 2021 யூலையில் ஆராய்ச்சிக் கூட்டு முயற்சிகளுக்கான தேசியப் பாதுகாப்பு வழிகாட்டல்களை மத்திய அரசு வெளியிட்டது. அதோடு என் மேசைக்கு வேறு விதமான கடுதாசிகள் வரத் தொடங்கின.

2024 மேயில் நடைமுறைக்கு வந்த விதி இன்னும் இறுக்கமானது. குவாண்டம், செயற்கை நுண்ணறிவு, விண்வெளி என்று அரசு 11 துறைகளை வகுத்திருக்கிறது. அவற்றில் தொழில்நுட்பத்தை முன்னே கொண்டுபோகும் ஆராய்ச்சி என்றால், விண்ணப்பத்தில் பெயருள்ள ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தில் உறுதி கூற வேண்டும். வெளிநாட்டு இராணுவத்தோடோ உளவு அமைப்போடோ சம்பந்தப்பட்டவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. எல்லாம் சீனா, ரஷ்யா, ஈரானில் இருப்பவை. அவற்றோடு எனக்கு இப்போது தொடர்பில்லை, அங்கிருந்து பணமோ வேறு உதவியோ பெறவில்லை என்பதுதான் அந்த உறுதிமொழி.

'இப்போது' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முன்பு அங்கே படித்தவர், வேலை பார்த்துவிட்டு விலகியவர் யாருக்கும் தடையில்லை. எங்கே பிறந்தீர்கள் என்று படிவம் கேட்பதும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. கேட்பவர்களின் காதில் விழுவது என்னவோ வேறு கேள்வி.

ஒரு நாள் ஈரானியப் பெண் ஒருவர் வந்தார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். அவர் இளங்கலை படித்த பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தது. முன்கூட்டி நேரம் கேட்டு, கதவைத் தட்டி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பட்டச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, பழைய வேலையிலிருந்து விலகிய கடிதம், விசா, எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு பிரதிகள். நான் எதையும் கேட்கவில்லை. அவரே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

அந்தப் பையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு லொட்ஜ் அறையில் நாங்கள் தங்கியிருந்த காலத்தில் அம்மா வைத்திருந்தது. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பொலிஸ் பதிவுத் துண்டு. சுற்றிவளைப்பு என்றால் அம்மா முதலில் தேடுவது செருப்பை அல்ல, அந்தப் பையை. கேட்கிறவனும் இதே சொல்லைத்தான் கேட்பான்: தொடர்பு இருக்கா?

இப்போது கேட்கும் கதிரையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை, இதெல்லாம் தேவையில்லை என்று தமிழில் வாய்வரை வந்தது. "ஒரு கையெழுத்துப் போதும்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அரசின் பயம் வெறும் கற்பனை என்றும் நான் சொல்லமாட்டேன். வினிபெக்கில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து 2019 யூலையில் இரண்டு விஞ்ஞானிகள் வெளியேற்றப்பட்டார்கள். 2021 ஜனவரியில் வேலையும் போனது. 2024 பெப்ரவரியில் வெளிவந்த ஆவணங்களை இரவிரவாக இருந்து படித்தேன். சீன நிறுவனங்களோடு இருந்த தொடர்புகளைச் சொல்லாமல் விட்டது ஒரு பக்கம். எனக்குத் தைத்தது வேறு: கூடவே ஆள் நிற்க வேண்டிய விருந்தாளிகளைத் தனியே உலவ விட்டிருந்தார்களாம். இதற்கு உளவாளியே தேவையில்லை, அசட்டை போதும்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு மறுபக்கம். எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் காங் சென், சீனத் தொடர்புகளை மறைத்தார் என்று 2021 ஜனவரியில் கைதானார். ஒரு வருடம் கழித்து அரசே வழக்கைக் கைவிட்டது. அடுத்த மாதம், இப்படியான வழக்குகளுக்கென்று 2018இல் தொடங்கிய 'சீன முன்னெடுப்பு' திட்டத்தையும் மூடியது. அந்த ஒரு வருடத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

சரி, ஈரானியப் பெண் வந்த அதே வாரம், இங்கேயே பிறந்து வளர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்துக்குப் போனேன். படிவத்தைப் பார்த்ததுமே அவருக்கு எரிச்சல். முப்பது வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன், என்னிடமா கேட்கிறீர்கள் என்றார். அவருடைய நுண்ணோக்கியோடு இணைந்த கணினியின் திரை ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. அதில் பாஸ்வேர்ட். ஆய்வுகூடம் முழுவதற்கும் அது ஒன்றுதான். அளவீடுகள் எல்லாம் பகிர்ந்த ஒரு கோப்புறையில் கிடந்தன. அதைத் திறக்கக்கூடியவர்களின் பெயர்களை எண்ணினால் 19 வந்தது. இப்போது ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் படித்து முடித்து எங்கெங்கோ போனவர்கள். அதில் ஒருவரை யாரென்று பேராசிரியருக்கே ஞாபகம் வரவில்லை.

பேச்சோடு பேச்சாக, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குத் தான் ஆலோசகராக இருப்பதையும் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு அறிவித்தீர்களா என்று கேட்டேன். "சின்னத் தொகைதானே" என்றார். நான் குறிப்பேட்டை எடுத்தபோதுதான் அவர் முகம் மாறியது. அதுவரை தன்னையும் இந்தக் கேள்விகள் தொடும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் மேசையில் பிளாஸ்டிக் பை எதுவும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். கோப்புறையில் பழைய பெயர்களை நீக்கியாயிற்று, ஆலோசகர் விவரத்தை எழுதி அனுப்பியாயிற்று, மஞ்சள் துண்டையும் கிழித்துப் போட்டாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"புதுப் பாஸ்வேர்டை எங்கே எழுதி வைப்பது?"