பாமினியில் வந்த படிவம்

எனக்குக் கண் தெரியாது. கோண்டாவில் வீட்டிலிருந்து கணினியில்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையிலுள்ளதைத் தமிழிலேயே வாசித்துச் சொல்லும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் அதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர். இலவசமாகக் கிடைக்கிறது, விலைக்கு விற்றிருந்தால் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்திருக்காது.

போன கிழமை ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் விண்ணப்பப் படிவம் வந்தது. திறந்தால் ஒரே உளறல். அக்காவைக் கூப்பிட்டேன்.

“தமிழ்தானேடா, வடிவாத் தெரியுதே!”

பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடும். கண்ணுக்கு ‘அம்மா’, கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு, அதனால் அப்படியே தமிழாகக் கேட்கும்.

அக்கா பொறுமையாக வாசித்துத் தந்தாள். ஆனால் அதில் என் வருமானம், நோய்கள், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டிருந்தார்கள். எவ்வளவு அன்பான அக்காவானாலும், அவற்றை நானே வாசித்து நானே நிரப்ப விரும்புகிறேன். அது என் உரிமை.

அலுவலகங்களில் தட்டச்சுச் செய்பவர்களிடம் கேட்கிறேன்: யூனிகோட்டில் அடியுங்கோ. பழைய பாமினிக் கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் உடனே மாறும். அச்சிட்டதைப் படம்பிடித்து அனுப்புவதென்றால், தட்டச்சுப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கோ.