இரண்டு போலிப் 1,200 ரூபாய்: வீட்டிலேயே ஜோவா வெட்டி வளர்த்துப் பார்த்தது

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சில வருடங்களுக்கு முன்னால் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல் கிடைக்கும், அதை மூடிக்கொண்டு இருபது முப்பது ஜோவா போலிப் இருக்கும். ஜோவா என்பது கல்லில் கூட்டமாக ஒட்டி வளரும், பவளத்துக்குச் சொந்தமான மெல்லிய உயிர்; பூ மாதிரி விரியும் ஒவ்வொரு தலையும் ஒரு போலிப். இப்போது அதே ஆயிரத்துச் சொச்சத்துக்கு துண்டை ஒட்டிவைக்கும் ஒரு சின்ன பீங்கான் பிளக், அதன் நடுவில் இரண்டு போலிப். மூன்றாவது ஒன்று முளைக்கிறதா இல்லையா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் அதையும் விடாமல் 'இரண்டரை' என்று கணக்கில் சேர்ப்பார்.

நான் இருப்பது களியக்காவிளைப் பக்கம். பவளம் வேண்டுமென்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் சென்னை கொளத்தூரில் சொல்லிவைத்து ஆம்னி பஸ் பார்சலில் மார்த்தாண்டத்துக்கு வரவழைக்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்சல் என்றால் பஸ் வந்து சேரும்வரை வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். சரி, வாங்குவதைக் குறைத்துவிட்டு இருப்பதை வெட்டிப் பெருக்கினால் என்ன என்று இறங்கியதுதான் இந்த வேலை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியாயிற்று, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. என் தொட்டியில் கல் பவளம், அதாவது சுண்ணாம்பில் கெட்டியாகக் கூடு கட்டும் வகை, கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் கல் பவளங்கள் மொத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள். கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் எல்லாமும் அந்த அட்டவணையில் உண்டு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது ஹேமரும் டார்ச்சும் அக்ரோபோராவும்தான். மூன்றுமே கல் பவளம். எனக்கு ஜோவா என்கிற ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர், ஜீனியா என்று கூடு கட்டாத மெல்லிய வகைகள் போதும். ஜீனியாவை 'போதும்' என்று சொன்னாலும் கேட்காமல் பரவும், அது வேறு கதை.

விலை ஏறியதற்குக் கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. உலகச் சந்தைக்கு அதிகமாகப் பவளம் அனுப்பியது இந்தோனேசியா. 2018ல் அந்த நாடு ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஃபிஜியும் கதவைச் சாத்தியிருந்தது. 2020ல் இந்தோனேசியாவிலிருந்து வளர்ப்புப் பவளம் மறுபடி வர ஆரம்பித்த நேரம், கொரோனாவால் விமானங்கள் நின்றன. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் உலகம் முழுக்கத் தொட்டி வைக்கத் தொடங்கியதும் அப்போதுதான். இதோடு டாலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014ல் 60 ரூபாய்ப் பக்கம் இருந்தது, இப்போது 85ஐத் தாண்டி நிற்கிறது. ஒரு துண்டுகூடச் சிறிதாகாமல் இருந்திருந்தாலும் விலை ஏறித்தான் இருக்கும்.

துண்டு சிறிதானதற்குக் காரணம் தண்ணீர். விமானத்தில் பெட்டிக்கு எடை பார்த்துக் காசு வாங்குகிறார்கள். கைமுஷ்டி அளவு கூட்டம் ஒன்றை உயிரோடு அனுப்ப ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும், அதுவே ஒரு கிலோ. பிளக்கில் ஒட்டிய துண்டு என்றால் 150 மில்லி போதும். ஒரு கல் வரும் எடையில் ஆறு துண்டு வரும், ஆறையும் தனித்தனியாக விற்கலாம். பெரிய கல்லாகவே வந்தாலும் இங்கே வந்ததும் கத்தி போட்டு ஆறாக்குகிறார்கள். வியாபாரம் என்று பார்த்தால் இதில் தப்புச் சொல்ல முடியாது. எனக்குத் தப்பாகப் படுவது வேறொன்று, அதற்குப் பிறகு வருகிறேன்.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 180 லிட்டர் பிடிக்கும். கீழே தண்ணீரை வடிகட்டச் சின்ன சம்ப் தொட்டி, நீரோட்டத்துக்கு ஒரு வேவ்மேக்கர், வெளிச்சத்துக்கு 90 வாட் எல்.ஈ.டி. அடியில் மணல் இல்லை. நம் கடற்கரையிலிருந்து அள்ளிப் போடலாமே என்று கேட்கிறவர்களுக்கு: நம் கரையில் கிடக்கும் கருமணல், மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு ஆலை வைத்துப் பிரித்தெடுக்கும் அதே இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தொட்டிக்கு அது வேண்டாம்.

தண்ணீர் மட்டும் கடலிலிருந்துதான். இறக்குமதி உப்பு வாளியின் விலையும் பவளத்தோடு போட்டி போட்டு ஏறியதால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருந்தாலும் அங்கே எடுப்பதில்லை. குழித்துறை ஆறு வந்து விழும் இடம், மழை பெய்தால் உப்பு இறங்கிவிடும். குளச்சலில் தெரிந்த ஒருவர் வள்ளத்தில் போகும்போது கரையை விட்டுத் தள்ளி இரண்டு கன்னாஸ் (பிளாஸ்டிக் கேன்) நிரப்பிக் கொண்டுவருவார். அதை மூடி இருட்டில் வைத்து, துணியில் வடிகட்டி, உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வருகிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுவேன். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போது அவரும் போவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்த நாட்களுக்குத்தான் உப்பு வாளி.

இனி வெட்டு. எடுத்துக்கொண்டது சாதாரணப் பச்சை ஜோவா, நடுவில் ஆரஞ்சு வாய். கடைக்காரர்கள் சூட்டும் பெரிய பெயரெல்லாம் கிடையாது. ஜோவா ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தாலும் அடியில் சதைப் பாய் மாதிரி ஒன்றாக இணைந்திருக்கும். கத்தி போட வேண்டியது அந்தப் பாயில், போலிப்பில் அல்ல. கல்லைத் தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் எல்லாம் வாயை மூடிச் சுருண்டுகொள்ளும். அப்போது இடைவெளி நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி பிளேடால் இரண்டு வரிசைக்கு நடுவில் கோடு போட்டு, பிளேடைச் சாய்த்துக் கல்லோடு உரசி மெதுவாக நெம்பினால் மூன்று நான்கு போலிப் ஒரு தோலாகக் கிளம்பி வரும். அதைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அடிப்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி, பிளக்கில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் ஜெல் வைத்து உட்கார வைக்க வேண்டும். தண்ணீராக ஓடும் சாதாரண ஃபெவிக்விக் இதற்கு ஆகாது, ஜெல்தான்.

கத்தி பட்டதும் பால் மாதிரி ஒரு வழுவழுப்பு வெளியே வரும். விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதது இதுதான். ஜோவாவிலும், அதன் நெருங்கிய சொந்தமான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் இருக்கலாம். 1971ல் ஹவாயில் பாலித்தோவாவிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். உலகில் தெரிந்த கொடிய நஞ்சுகளில் ஒன்று. எந்தக் கூட்டத்தில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம், கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். வேண்டாத ஜோவாவை ஒழிக்கிறேன் என்று கல்லில் கொதிநீர் ஊற்றாதீர்கள். அப்படிச் செய்து, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நான் வெட்டுவது பின்கட்டுத் திண்ணையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு. பிளேடும் டிஷ்யூவும் தனிப் பையில் கட்டிக் குப்பைக்கு. வீட்டம்மா துண்டை அலசிய கிண்ணத்தை அடுக்களைப் பக்கம் விடுவதில்லை, நியாயம்தான்.

ஒட்டிய துண்டுகள் மறுநாளே திறந்ததும் உண்டு, ஒரு வாரம் சுருண்டே கிடந்ததும் உண்டு. திறப்பதைவிட நான் பார்ப்பது ஓரத்தை. பிடித்துவிட்டது என்றால் சதைப் பாய் வெள்ளைப் பசையின் மேல் ஏறி பீங்கானைத் தொடும். அதற்கப்புறம் அந்த ஓரத்தில் கடுகளவு ஒன்று தலை நீட்டும், நிறம்கூட இருக்காது. சில நாளில் அதற்குப் பாவாடை விரிந்து, நடுவில் ஆரஞ்சு தெரியும். வேலை முடிந்து வந்து டார்ச் அடித்து அதை எண்ணுவதில் ஒரு கிறுக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பச்சை சாதியை விட்டால் நிற்காமல் பரவுகிறது. பெரிய பெயர் வைத்து வந்த சிவப்பு ஒன்றும் வைத்திருந்தேன். வந்த நாளில் எத்தனை இருந்ததோ கிட்டத்தட்ட அத்தனைதான் இப்போதும். யோசித்தால் விலையின் ரகசியமும் அங்கேதான். வேகமாக வளர்வது எந்தப் பெயரில் வந்தாலும் நாலு பேர் தொட்டியில் பெருகி விலை இறங்கிவிடுகிறது. மெதுவாக வளர்வதுதான் விலை இறங்காமல் நிற்கிறது. அதனால் பெயருள்ள சரக்கை வெட்டி வளர்த்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மஷ்ரூம் இதைவிடச் சுலபம், ஆனால் ஒட்டாது. வாயின் நடுவே வெட்டினால் இரண்டு பாதியும் தனித்தனி மஷ்ரூமாகிவிடும். வழுவழுப்பில் பசை நிற்காது என்பதால் சின்னக் கற்கள் போட்ட டம்ளரில் விட்டு, வாயில் வலை கட்டி, நீரோட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடுவேன். அதுவாக ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லைப் பிளக்கில் ஒட்டினால் சரி.

கோடைதான் படுத்திவிட்டது. மார்ச் பிறந்ததும் தொட்டி 30 டிகிரியைத் தொட்டது, ஒரு பகல் 31. ஜோவாக்களின் பச்சை வெளிறத் தொடங்கியது. பவளத்தின் சதைக்குள் வாழ்ந்து அதற்குச் சாப்பாடு கொடுக்கும் பாசியை வெப்பத்தில் அது வெளியே தள்ளிவிடுகிறது, அதனால்தான் வெளிறுகிறது. 2024 கோடையில் லட்சத்தீவில் பெரிய அளவில் நடந்ததும் இதேதான். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதியில்லை. நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சின்ன ஃபேன் வைத்தேன், 2 டிகிரி இறங்கியது. அந்த அளவுக்குத் தண்ணீரும் ஆவியாகிறது, தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் ஃபேனின் வேலை பாதியாகிவிடும். நல்லவேளை, அப்போது வெயிலும் இருக்காது.

நடுவில் கடையிலிருந்து வந்த ஒரு பிளக்கின் அடியில் ஜோவாவைத் தின்னும் ஓடில்லா நத்தை ஒன்று இருந்தது. தின்ற ஜோவாவின் நிறமே அதற்கும் வந்துவிடுவதால் கண்ணில் படவே படாது. மூடிய போலிப் பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து யார் கொடுத்தாலும் பிளக்கை வைத்துக்கொள்வதில்லை. போலிப்பைப் பிரித்து, அயோடின் தண்ணீரில் முக்கி, என் பிளக்கில் ஒட்டி, பழைய பிளக்கை எறிந்துவிடுகிறேன்.

இப்போது காசுக் கணக்கு. விளக்கு 90 வாட் 9 மணி நேரம், மோட்டாரும் வேவ்மேக்கரும் சேர்ந்து 35 வாட் நாள் முழுக்க. நாளைக்கு 1.65 யூனிட், இரண்டு மாதத்துக்கு 99. அரசு தந்த 100 யூனிட் இலவச மின்சாரத்தை என் ஜோவாக்கள் மட்டுமே குடித்துவிட்டன, வீட்டுக்கு எரிந்த மற்றதெல்லாம் காசு. தண்ணீர், பசை, பிளேடு எல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரு பிளக்கை வளர்த்தெடுக்க எனக்கும் சும்மா ஆகவில்லை. கடையில் 1,200 கேட்பதில் அநியாயம் இருக்கிறது, ஆனால் அந்த 1,200 முழுவதும் அநியாயமல்ல.

அதனால் எனக்குக் கடைமேல் உள்ள குறை விலையிலும் இல்லை, அளவிலும் இல்லை. ஒருமுறை கேட்டபோது, "அண்ணா, நேற்று வந்ததாக்கும், ஃப்ரெஷ்" என்றார் ஒரு சேட்டன். மீன் சந்தையில் அது நல்ல வார்த்தை. பவளத்தில் நேற்று வந்தது என்றால் நேற்றுத்தான் வெட்டியது, ஓரம் ஆறவில்லை, வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் அழுகினால் நஷ்டம் நமக்கு. இரண்டே போலிப் இருந்தாலும் பாய் பசையை மூடியிருந்தால் வாங்குவேன். ஆறு போலிப் இருந்தாலும் சுற்றிலும் வெள்ளைப் பசை தெரிந்தால் வாங்க மாட்டேன். கடைக்காரருக்கு அது ஆறும்வரை தொட்டியில் இடமும் மின்சாரமும் செலவாகிறது. அந்தச் செலவைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள்.

பாறசாலையில் ஒரு தம்பி லெதர் வைத்திருக்கிறான். கத்தரியால் ஓரத்தை நறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கல்லில் கட்டி வைக்கிறான், அவனுடைய தொட்டியில் இடமில்லை. என் பச்சை ஜோவா நாலு பிளக் போனது, அவன் லெதர் இரண்டு வந்தது. நெய்யாற்றின்கரையில் இன்னொருவர் சேர்ந்திருக்கிறார். எங்களுக்குள் விலை இல்லை, ஒரே நிபந்தனைதான்: பசை தெரியாமல் மூடிய பிறகே கைமாற வேண்டும். வேறு யாராவது கேட்டால் பச்சை ஜோவா பிளக் 300 ரூபாய், வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஜீனியா இலவசம், எவ்வளவு வேண்டுமானாலும், தயவுசெய்து.