பூட்டிய கடைக்குப் படிவம் இல்லை

கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்கும் சிப்பிப் பொருட்களும் விற்கிறேன். கடல் கொந்தளித்துப் படகு நின்றால், விவேகானந்தர் பாறைக்கு வந்த கூட்டம் அப்படியே பஸ் ஏறிவிடும். அன்று கல்லா காலி. ஆகவே 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறந்தவர்களை நினைத்துப் பதறிய மனம் அடுத்து அங்கே சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைக்கும் குதிரைக்காரர்களிடம் போய் நின்றது.

எங்கள் வரிசையில் சால்வை விற்கும் காஷ்மீர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தம்பி அங்கே தால் ஏரியில் சிகாரா என்னும் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். "அண்ணாச்சி, முன்பதிவு எல்லாம் ரத்து" என்றார்.

இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், படுகாயத்துக்கு 2 லட்சம், லேசான காயத்துக்கு 1 லட்சம் என்று ஜம்மு காஷ்மீர் அரசு அறிவித்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வாரத்தில் காஷ்மீரின் 87 சுற்றுலாத் தலங்களில் 48 மூடப்பட்டன. பாதுகாப்புக்காக மூடியதில் குறை சொல்லமாட்டேன். மூடியதால் பட்டினி கிடந்தவனுக்கு என்ன வழி? பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2008 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது; உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இப்போது 5 லட்சம். வியாபார நஷ்டம் அதில் வராது. காப்பீடும் பெரும்பாலும் சொத்து சேதமானால்தான் பணம் தரும். கண்ணாடி உடையாத, ஆள் வராத கடைக்குச் சேதம் என்று எதைக் காட்டுவது?

லண்டன் பரோ மார்க்கெட்டிலும் இதே சிக்கல்தான். 2017 ஜூனில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு சந்தை 11 நாட்கள் மூடிக் கிடந்தது. கடை சேதமாகாத பலருக்குக் காப்பீட்டுப் பணம் வரவில்லை. சேதமின்றி வரும் வியாபார இழப்புக்கும் காப்பீடு தர வழிசெய்து 2019இல் அங்கே சட்டத்தையே திருத்தினார்கள்.

இங்கே கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். அவர்களை நம்பி, வட்டிக்குப் பணம் வாங்கிச் சீசன் கடை ஏலம் எடுப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கடற்கரையை அரசு மூட நேர்ந்தால், மூடிய நாட்களுக்கான ஏலத் தொகையையாவது திருப்பித் தரலாம். வருமானச் சான்று கேட்டு அலைக்கழிக்க வேண்டாம்: ஏல ரசீதும் மூடும் உத்தரவும் போதும், இரண்டும் அரசு அலுவலகத்திலேயே இருக்கும். சுக்குக் காப்பி விற்பவரிடம் ரசீதும் இருக்காது. அவருக்கு நாள் கணக்கில் ஒரு தொகை.

இதைச் சொன்னபோது சால்வைக்காரர் சிரித்தார். "பணம் வேண்டாம் அண்ணாச்சி, ஆட்கள் வந்தால் போதும்."

ஆட்கள் வரும்வரை கடன்காரன் பொறுக்கமாட்டான் என்றேன். அதை அவர் மறுக்கவில்லை.