அப்பாவின் கொழுப்பு மாத்திரை

ஜூன் 8, 2025

சர்க்கரை நோயுள்ள அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மொத்த கொலஸ்ட்ரால் 198, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 34, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 260, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 112. மொத்தம் 200-க்குள் இருப்பதால் கவலையில்லை என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. நீரிழிவில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் மிகுதியாக வெளியேறிக் கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் விடுகிறது. அதன் தொடர்ச்சியாக எச்.டி.எல். குறைந்து, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. துகள் சிறுத்துவிட்டால் அதே 112-ஐச் சுமக்க இன்னும் அதிகத் துகள்கள் வேண்டும். இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து தங்குபவை அந்தத் துகள்களே. ஆகவே மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்து, சுவரில் தங்கக்கூடிய துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ராலைப் பார்த்தேன்: 164. சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் உள்ள அப்பாவுக்கு இது 100-க்குள்ளும், எல்.டி.எல். 70-க்குள்ளும் இருப்பது நல்லது.

ஜூன் 10

மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதினார். "அளவு சரியாகத்தானே இருக்கிறது, இது எதற்கு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான தெளிவான விடை 2004-இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில் இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 2,838 பேரைச் சேர்த்தார்கள், அவர்களில் எவருக்கும் அதற்குமுன் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, எல்.டி.எல். சராசரியும் ஏறத்தாழ அப்பாவின் அளவே. பாதிப் பேருக்கு இதே மருந்து 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நிறுத்தினார்கள். இதைச் சொன்னபோது அப்பா மறுபேச்சில்லாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டார்.

ஜூன் 29

எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதை அம்மா காட்டினார். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய 90 விழுக்காடு. ஆனால் அப்பாவின் டிரைகிளிசரைடு 260 ஆனதற்கு எண்ணெயைவிட, இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் சோறும் மாலை நேரத்து இனிப்பு பன்னுமே பெரிய காரணம் என்பது என் எண்ணம், ஏனெனில் மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. இப்போது சோறு ஒரு முறைதான். கீரைக் கூட்டு கூடியிருக்கிறது. பன்னுக்குப் பதில் சுண்டல். கேழ்வரகுக் கூழுக்கு மாறலாமா என்று அம்மா கேட்டார். அதுவும் மாவுச்சத்துதான் என்பதால் அளவு முக்கியம் என்றேன்.

ஜூலை 20

அப்பாவுக்குக் கெண்டைக்கால் வலி. ஸ்டாட்டின் தசையை அரித்துவிடும், சர்க்கரையை ஏற்றிவிடும் என்று உறவினர் ஒருவர் அச்சுறுத்தியிருந்தார். மருத்துவர், தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதியையும் தைராய்டையும் சோதித்தார். இரண்டும் சரியாக இருந்தன. வலியும் தானாகத் தணிந்துவிட்டது. சர்க்கரை சிறிதளவு ஏறக்கூடும் என்பது உண்மை; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இலேயே அந்த எச்சரிக்கையைச் சேர்த்தது. அந்தச் சிறு ஏற்றத்தை உணவாலும் சர்க்கரை மாத்திரையாலும் சமாளிக்கலாம். மாரடைப்பில் இறந்துபோன இதயத் தசையை மீட்க முடியாது.

ஆகஸ்ட் 24

மொத்தம் 135, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 165, எல்.டி.எல். 66. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் 99. மனம் நிறைந்தது. உடனே அப்பா, "சரியாகிவிட்டதே, இனி நிறுத்திவிடலாமா?" என்றார். எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான் மாத்திரை நின்றுபோகிறது. மருந்து கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது; தேவைக்குத் தவிக்கும் கல்லீரல், இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐப் பற்றி இழுக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து நின்றால் ஏற்பிகள் குறைந்து, சில வாரங்களில் பழைய அளவே திரும்பிவிடும். 66 என்பது மாத்திரை உண்பதால் நிற்கும் 66 என்று விளக்கினேன். மருத்துவரும் அதே அளவைத் தொடரச் சொன்னார்.

சித்தப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. அவர் கொழுப்பு மாத்திரையைச் சென்ற ஆண்டே விட்டுவிட்டாராம். அவருடைய கடைசிப் பரிசோதனை முடிவை அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.