இதைச் சொல்ல நான் யார்?

நேற்று ஒரு கூட்டத்தில் பேச எழுந்தபோது, 'இதைச் சொல்ல நான் யார்?' என்ற பழைய கேள்வி தொண்டையில் வந்து நின்றது. பேசிவிட்டேன். ஆனாலும் இரவு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த உணர்வைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்த பெண்கள் 150-க்கும் மேல். படிப்பு, பதவி, பாராட்டு எல்லாம் பெற்றவர்கள். இருந்தும், தங்களுக்கு அந்தத் தகுதி இல்லை, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றே பயந்தார்கள். சாதித்த பிறகும் போகாத பயம் என்றால், அது போகட்டும் என்று காத்திருந்து எப்போது பேசுவது?

எனக்கு அதை முழுதாகத் துரத்தவும் விருப்பமில்லை. அது வந்தால் தகவலை இன்னொரு முறை சரிபார்க்கிறேன், எதிர்த்தரப்பில் நின்று யோசிக்கிறேன். தலைமையில் இருப்பவர் "எனக்கு இது உறுதியாகத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது கடைசி வரிசையில் இருப்பவரும் வாயைத் திறக்கிறார். பார்த்திருக்கிறேன். முடிவெடுக்க வேண்டிய நேரத்திலும் அதே தயக்கம் நீடித்தால் குழுவே தவித்துப்போகும். சரி, அதையும் பார்த்திருக்கிறேன்.

வருத்தம் என்னவென்றால், நன்றாக யோசிப்பவர்கள் பலர் இந்தப் பயத்தால் தாங்கள் எழுதியதை அழித்துவிடுகிறார்கள். அப்படி அழித்தது உங்களிடம் இருந்தால் மறுபடி எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.