கொசுறு மல்லியும் வெள்ளரி வயலும்

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். இதைக் கேட்காமல் மதுரைப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது. இதே சங்கதியைச் சீனாக்காரர்கள் வெள்ளரி வயலை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது, அதுவும் ஊரில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பங்குனியில் அம்மன் திருவிழா, தலைக்கட்டு வரி வசூலித்துத்தான் நடக்கும். போன வருஷம் கணக்கு நோட்டு என் கையில். பூ வாங்க விடிகாலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். மல்லி, அரளி, சம்பங்கி என்று எல்லாவற்றையும் எடை போட்டு, துண்டுச்சீட்டில் பில் எழுதி வாங்கி, பணத்தையும் எண்ணிக் கொடுத்தாயிற்று. கிளம்பும்போது கடைக்காரர் இரண்டு கை மல்லியை அள்ளி ஒரு கவரில் போட்டு, "அண்ணே, இது வீட்டுக்கு" என்றார். கொசுறு. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை தருவதில்லையா, அது மாதிரி. நானும் யோசிக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலத்தில் என் மனைவி தலையில் அந்த மல்லி. அம்மன் கழுத்தில் இருந்த அதே குண்டு மல்லி, அதே வாசம். பின்னால் வந்த ஒரு அக்கா யாரிடமோ சொல்வது போலச் சத்தமாகச் சொன்னார்: "சாமிக்கு வாங்குன பூவு எங்கெங்கயோ ஏறிருக்கு." அவ்வளவுதான். மறுநாள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நோட்டைக் கொண்டுபோய்ப் பெரியப்பா முன்னால் விரித்துவைத்து, ஒவ்வொரு வீடாகப் போய் பில்லைக் காட்டப்போகிறேன் என்று குதித்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எத்தன வீட்டுக்குடா போவ?" என்றார். அப்புறம் அந்தப் பனைமரத்தையும் சொன்னார்.

சரி, சீனாவுக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக எனக்குச் சீன மரபுத்தொடர்கள் மேல் ஒரு பைத்தியம். பெரும்பாலும் நாலே எழுத்து, அதற்குள் ஒரு கதை மடித்து வைத்திருப்பார்கள். அப்படித்தான் 'குவா தியென் லி சியா' கண்ணில் பட்டது. குவா என்பது வெள்ளரி, பூசணி, தர்பூசணி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். தியென் என்றால் வயல், லி என்றால் பிளம்ஸ், சியா என்றால் கீழே. வெள்ளரி வயல், பிளம்ஸ் மரத்தடி. மொத்தமே இவ்வளவுதான், என்ன செய்யக்கூடாது என்பதை நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். (புரூஸ் லீ பெயரில் இருக்கிற லீயும் இதே பிளம்ஸ் எழுத்துதான். சும்மா சொன்னேன்.)

மூலம் யுவேஃபு என்கிற பழைய இசைப்பாடல் வகையில் உள்ள ஒரு பாட்டு. சான்றோன் வருமுன் காப்பான், சந்தேகம் விழுகிற இடத்தில் நிற்கமாட்டான், வெள்ளரி வயலில் செருப்பை மாட்டமாட்டான், பிளம்ஸ் மரத்தடியில் தொப்பியைச் சரிசெய்யமாட்டான் என்று போகிறது. வெள்ளரிக்கொடி தரையில் படர்ந்து கிடக்கும். அங்கே குனிந்தால், தூரத்தில் வரப்பில் நிற்கிறவன் கண்ணுக்குக் காய் பறிக்கிற மாதிரித்தான் தெரியும். பிளம்ஸ் மரத்தடியில் கையைத் தூக்கினாலும் அதே கதைதான்.

முதலில் படித்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது. என் செருப்பு, என் தொப்பி, எவன் என்ன நினைத்தால் எனக்கென்ன? ஊர் வாய்க்குப் பயந்து வாழ்வதற்குப் பெயர் நேர்மையா? அந்தப் பாட்டு அடுத்த வரியிலேயே இன்னும் ஒரு படி மேலே போய், அண்ணியும் கொழுந்தனும் ஒரு பொருளைக் கைக்குக் கை கொடுத்து வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் பழைய சீன ஞானி மென்சியஸ் இதே விஷயத்தில் வேறு மாதிரி. அண்ணி தண்ணீரில் மூழ்குகிறாள், கை கொடுக்கலாமா என்று அவரிடம் மடக்கிக் கேட்கிறார்கள். கொடுக்காதவன் ஓநாய் என்றார் மனிதர். அவரைப் பிடித்துப்போயிற்று, பிளம்ஸ் மரத்தை அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

விடாமல் வைத்தது தாங் வம்சத்துக் கதை ஒன்று. வென்சோங் என்ற பேரரசர், ஆட்சி 827 முதல் 840 வரை. குவோ மின் என்பவருக்கு ஒரு பெரிய பதவி கொடுக்கிறார். பெரிய குடும்பத்து ஆள், வேலையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய இரண்டு மகள்கள் அப்போது அரண்மனைக்குள் வந்திருந்தார்கள். பெண்களைக் கொடுத்துப் பதவி வாங்கிவிட்டான் என்று வெளியே பேச்சு. அதை அரசர் முகத்துக்கு நேரே சொன்னவர் லியூ கோங்சுவான். பெரிய எழுத்துக்கலைஞர், மனசு நேராக இருந்தால் தூரிகையும் நேராக இருக்கும் என்று இதற்கு முன்னால் இன்னொரு அரசரிடமே சொன்ன ஆள். வென்சோங் பதறிப்போய், ஐயோ, அந்தப் பெண்கள் உறவுமுறையில் என் பாட்டியம்மாவைப் பார்க்க வந்தவர்கள், காணிக்கை இல்லை என்றார். உண்மையும் அதுதான். அதற்கு லியூ கேட்டது: வெள்ளரி வயல், பிளம்ஸ் மரச் சந்தேகம் இது, வீடு வீடாகப் போய் எப்படிப் புரியவைப்பீர்கள்?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தன வீட்டுக்குடா போவ! பெரியப்பா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அரசர் அந்தப் பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். நம்முடைய பனைமரம் ஊரைப் பற்றித்தான் புலம்புகிறது, இப்படித்தான் பேசுவார்கள், என்ன செய்ய என்று விட்டுவிடுகிறது. வெள்ளரி வயலோ பழியைப் பேசுகிறவன் மேல் போடவில்லை, குனிந்தவனைப் பார்த்துக் கேட்கிறது. என் சொந்தக் காசாக இருந்தால் எவனும் பேசட்டும் என்று போயிருப்பேன், இப்போதும் அப்படித்தான் போவேன். ஆனால் அந்த நோட்டில் இருந்தது ஊர்க்காசு. கவரை வாங்கிய கை, பணம் எண்ணிய அதே கை.

இந்த வருஷமும் நோட்டை என்னிடமே கொடுத்தார்கள், ஏனென்று கேட்கவில்லை. மாட்டுத்தாவணிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் வழக்கம்போல மல்லியை அள்ளினார். அதை மூட்டையிலேயே போடச் சொல்லி, நோட்டிலும் 'கொசுறு, இரண்டு கை, கோயிலுக்கு' என்று எழுதினேன். கூட வந்த பையன் சிரித்தான்.

வரும் வழியில் மேலூரில் இறங்கி, என் பையிலிருந்து காசு கொடுத்து இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டேன், மல்லியே வேண்டாம் என்று. வீட்டில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "இதுக்கு பில்லு எங்க?"